குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டுகளில் சட்ட எதிர்வாதம் (இந்தியா)

குடும்ப வன்முறைக் குற்றச்சாட்டுகளில் சட்ட எதிர்வாதம் என்பது, மனைவியையோ குடும்பத்திலுள்ள வேறொரு பெண்ணையோ கொடுமைப்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அக்குற்றச்சாட்டை மறுப்பதற்கும் விசாரணையின்போது தம் உரிமைகளைக் காத்துக்கொள்வதற்கும் சட்டம் அளிக்கும் வழிகளின் தொகுப்பாகும். இந்தியாவில் இத்தகைய குற்றச்சாட்டு இரு வழிகளில் எழுகிறது. ஒன்று, காவல்துறை வழக்குப் பதிந்து நடத்தும் குற்ற வழக்கு. மற்றொன்று, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் கீழ் பாதிக்கப்பட்ட பெண் நடுவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் மனு. முதலாவது தண்டனையை நோக்கமாகக் கொண்டது. இரண்டாவது பாதுகாப்பு, இருப்பிடம், பராமரிப்பு ஆகிய நிவாரணங்களை நோக்கமாகக் கொண்டது. எனவே ஒன்றில் பயன்படும் எதிர்வாதம் மற்றொன்றில் பயன்படாமல் போகலாம்.

வீட்டுக்குள் நடக்கும் கொடுமைக்குப் பெரும்பாலும் வெளியார் சாட்சி இருப்பதில்லை. அதே காரணத்தால், நடக்காத ஒன்றை நடக்கவில்லை என்று காட்டுவதும் கடினம். இவ்விரு இடர்ப்பாடுகளுக்கும் இடையே நீதிமன்றங்கள் கடந்த நாற்பது ஆண்டுகளாக வகுத்துவந்த விதிகளே இத்துறையின் சாரம். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றி அமைந்தவை: யார், எப்போது, எங்கே, என்ன செய்தார் என்பது குற்றச்சாட்டில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளதா?

சட்டப் பின்னணி

குற்றவியல் வழி

வரதட்சணைக் கொடுமையும் அது தொடர்பான மரணங்களும் பெருகியதைத் தொடர்ந்து, இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ பிரிவு 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. இது 1983 டிசம்பர் 25 அன்று நடைமுறைக்கு வந்தது. கணவரோ கணவரின் உறவினரோ ஒரு பெண்ணைக் கொடுமைக்கு உள்ளாக்கினால் மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்க இப்பிரிவு வகை செய்தது. 1986-இல் வரதட்சணை மரணம் பற்றிய 304பி பிரிவு சேர்க்கப்பட்டது.

2024 சூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தைப் பாரதிய நியாய சன்ஹிதா பெற்றது. 498ஏ பிரிவின் உள்ளடக்கம் அதன் 85, 86 ஆகிய பிரிவுகளில் உள்ளது. அந்நாளுக்கு முன் நடந்ததாகக் கூறப்படும் செயல்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். ஆகவே இரு சட்டங்களின் பிரிவு எண்களும் வழக்குகளில் காணப்படுகின்றன. முதன்மையான மாற்றங்கள் வருமாறு:

• கணவர், உறவினர் இழைக்கும் கொடுமை: பழைய பிரிவு 498ஏ, புதிய பிரிவுகள் 85, 86
• வரதட்சணை மரணம்: பழைய பிரிவு 304பி, புதிய பிரிவு 80
• நேரில் வருமாறு காவல்துறை தரும் அறிவிப்பு: பழைய பிரிவு 41ஏ, புதிய பிரிவு 35(3)
• முன்பிணை: பழைய பிரிவு 438, புதிய பிரிவு 482
• வழக்கை ரத்து செய்யும் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்: பழைய பிரிவு 482, புதிய பிரிவு 528

இவற்றுள் முதலிரண்டும் தண்டனைச் சட்டம் சார்ந்தவை. ஏனையவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தையும் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவையும் சார்ந்தவை. 482 என்ற எண் பழைய சட்டத்தில் ரத்து மனுவையும் புதிய சட்டத்தில் முன்பிணையையும் குறிப்பதால் படிப்போர் குழம்ப வாய்ப்புண்டு.

கொடுமைக் குற்றம் பிணையில் விட இயலாத குற்றமாகும். பாதிக்கப்பட்ட பெண்ணோ அவரது உறவினரோ தகவல் அளித்தால், பிடியாணை இன்றிக் கைது செய்யும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு. இவ்வழக்குகளில் 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் பிரிவுகள், காயம் விளைவித்தல், நகைகளைத் திருப்பித் தராமைக்கான நம்பிக்கை மோசடி ஆகியவையும் சேர்க்கப்படுவது வழக்கம்.

உரிமையியல் வழி

2005-ஆம் ஆண்டுச் சட்டம் 2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் ஆகிய நான்கு வகைத் துன்புறுத்தல்களையும் இது குடும்ப வன்முறை என வரையறுக்கிறது. மனைவி மட்டுமன்றித் தாய், மகள், சகோதரி, கைம்பெண், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண் ஆகியோரும் மனு செய்யலாம். ஆண்கள் இச்சட்டத்தின் கீழ் மனுதாரர் ஆக இயலாது. மனு செய்வதால் மட்டும் எவரும் கைது செய்யப்படுவதில்லை. ஆனால் நீதிமன்றம் பிறப்பித்த பாதுகாப்பு ஆணையை மீறுவது தனிக் குற்றமாகும். அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

கைதும் பிணையும்

குற்றம் சாட்டப்பட்டவர் முதலில் எதிர்கொள்வது விசாரணையை அன்று, கைது அச்சத்தையே. உச்ச நீதிமன்றம் அர்னேஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் வழக்கில் 2014 சூலை 2 அன்று வழங்கிய தீர்ப்பு இதில் திருப்புமுனையாகக் கருதப்படுகிறது. அத்தீர்ப்பு எடுத்தாண்ட தேசியக் குற்ற ஆவணக் காப்பகத் தரவுகளின்படி, 2012-ஆம் ஆண்டில் 498ஏ பிரிவின் கீழ் 1,97,762 பேர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் 47,951 பேர் பெண்கள். அதாவது ஏறத்தாழ நான்கில் ஒருவர், பெரும்பாலும் கணவரின் தாயும் சகோதரிகளும். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்ட விகிதம் 93.6 விழுக்காடு, தண்டனை விகிதம் 15 விழுக்காடு.

இத்தீர்ப்பின் முதன்மையான கட்டளைகள்:

• வழக்குப் பதிவானதாலேயே காவல்துறை கைது செய்யக்கூடாது. கைது தேவைதானா என்பதைச் சட்டம் கூறும் காரணங்களின் பட்டியலைக் கொண்டு ஆராய வேண்டும்.
• கைது தேவையில்லை எனில், வழக்குத் தொடங்கிய இரு வாரங்களுக்குள் நேரில் வருமாறு எழுத்துமூல அறிவிப்பு தரவேண்டும்.
• கைது செய்தால், அதற்கான காரணங்களையும் ஆவணங்களையும் நடுவரிடம் அளிக்க வேண்டும். நடுவர் அவற்றை ஆராய்ந்து மனநிறைவு கொண்ட பின்னரே காவலில் வைக்க ஆணையிட வேண்டும்.
• இவற்றை மீறும் காவல் அதிகாரி துறை நடவடிக்கைக்கும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கும் உள்ளாவார்.

ஏழு ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய பிற குற்றங்களுக்கும் இக்கட்டளைகள் பொருந்தும். 2022-இல் சத்தேந்தர் குமார் அண்டில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றை மீண்டும் வலியுறுத்தியது. அறிவிப்பைப் பெற்றவர் குறித்த நாளில் வந்து ஒத்துழைக்கும்வரை, பதிவு செய்யப்பட்ட தனிக் காரணம் இன்றி அவரைக் கைது செய்ய இயலாது. அறிவிப்பைப் புறக்கணிப்பது இப்பாதுகாப்பை இழக்கச் செய்யும்.

கைது அச்சம் நியாயமானதாக இருந்தால், அமர்வு நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ முன்பிணை கோரலாம். மனைவி வேறொரு மாநிலத்தில் புகார் அளித்திருந்தால், தாம் வசிக்கும் மாநிலத்தின் நீதிமன்றத்தில் குறுகிய காலத்துக்கு முன்பிணை பெற்று, பின்னர் உரிய நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கே ஒரு திருமணப் பிணக்கில் எழுந்ததாகும்.

கைது செய்யப்பட்டவருக்கு அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு, கைதுக்கான காரணத்தை அறியவும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளவும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தப்படவும் உரிமை அளிக்கிறது. தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்த 20(3) உறுப்பு தடை விதிக்கிறது. காவலில் உள்ளவருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இலவச சட்ட உதவி உண்டு.

முதல்கட்ட விசாரணை

லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு, கைது செய்தற்குரிய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வது கட்டாயம் எனத் தீர்ப்பளித்தது. எனினும் திருமண மற்றும் குடும்பப் பிணக்குகளில், குற்றம் நடந்ததற்கான அறிகுறி உள்ளதா என்பதை மட்டும் அறிய முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என இடமளித்தது. தமிழ்நாட்டில் இத்தகைய புகார்கள் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையங்களுக்கே செல்கின்றன. இவற்றுள் முதலாவது 1992-இல் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் தொடங்கப்பட்டது. இந்தக் கட்டத்தில் அழைக்கப்படுபவர் எழுத்துமூலம் தம் விளக்கத்தை அளிப்பது, பின்னாளில் அவரது நிலைப்பாடு தொடக்கம் முதல் மாறவில்லை என்பதைக் காட்ட உதவுகிறது.

வழக்கை ரத்து செய்தலும் விடுவிப்பும்

முதல் தகவல் அறிக்கையையோ குற்றப்பத்திரிகையையோ ரத்து செய்யுமாறு உயர் நீதிமன்றத்தைக் கோரலாம். புகாரில் கூறப்பட்டவை அனைத்தும் உண்மை என்று கொண்டாலும் குற்றம் ஆகவில்லை என்பதே இங்கு எதிர்வாதத்தின் அடித்தளம். புகார் உண்மையா பொய்யா என்பதை உயர் நீதிமன்றம் இந்தக் கட்டத்தில் ஆராய்வதில்லை.

கணவரின் உறவினர்களுக்கு இவ்வழி சிறப்பாகப் பயன்படுகிறது. பெயர் குறிப்பிடுவது மட்டும் போதாது, ஒவ்வொருவரும் செய்த செயல் தனித்தனியே கூறப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் தீர்ப்புகளில் வலியுறுத்தியது. "அனைவரும் சேர்ந்து கொடுமைப்படுத்தினர்" என்பது போன்ற பொதுவான வாசகத்தை மட்டும் கொண்டு, வேறு ஊரில் வாழும் மணமான சகோதரியையோ முதிய உறவினரையோ விசாரணைக்கு உட்படுத்துவது சட்டத்தின் தவறான பயன்பாடு என அவை கூறின. ஆனால் நாள், இடம், செயல் ஆகியவற்றுடன் குறிப்பான குற்றச்சாட்டு உள்ள உறவினருக்கு இத்தீர்ப்புகள் உதவா. அவர் வேறு வீட்டில் வாழ்கிறார் என்பது மட்டுமே போதிய காரணம் ஆகாது.

ரத்து மனு ஏற்கப்படாவிட்டாலும், குற்றச்சாட்டு வனையப்படுவதற்கு முன் நடுவர் நீதிமன்றத்தில் விடுவிப்பு கோரலாம். ஆவணங்களின் படிகள் கிடைத்த 60 நாள்களுக்குள் இம்மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும் எனப் புதிய நடைமுறைச் சட்டம் காலவரையறை விதித்துள்ளது.

விசாரணையில் எழுப்பப்படும் எதிர்வாதங்கள்

கொடுமையின் வரையறை

ஒவ்வொரு குடும்பச் சண்டையும் சட்டத்தின் பார்வையில் கொடுமை ஆகாது. சட்டம் இரு வகைகளைக் கூறுகிறது. முதலாவது, பெண்ணைத் தற்கொலைக்குத் தூண்டக்கூடிய, அல்லது அவரது உயிருக்கோ உடலுக்கோ உடல், மன நலத்துக்கோ கடும் கேடு விளைவிக்கக்கூடிய வேண்டுமென்றே செய்த நடத்தை. இரண்டாவது, சொத்தோ மதிப்புடைய பொருளோ சட்டத்துக்குப் புறம்பாகக் கோரி அப்பெண்ணையோ அவரது உறவினரையோ நிர்ப்பந்திக்கும் தொல்லை. கூறப்படும் செயல் இவ்விரண்டிலும் அடங்காது என்று வாதிடலாம். அதே வேளையில், இரண்டும் தனித்தனியானவை. வரதட்சணை கேட்கவில்லை என்று காட்டினாலும் முதல்வகைக் கொடுமைக்கான பொறுப்பு நீங்காது என 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

உறவினர் என்னும் தகுதி

இப்பிரிவு கணவருக்கும் அவரது உறவினருக்கும் மட்டுமே பொருந்தும். கணவருடன் தொடர்புடைய வேறொரு பெண், இரத்தத்தாலோ திருமணத்தாலோ தத்தெடுப்பாலோ உறவினர் ஆகாதபோது, அவர்மீது 498ஏ வழக்குத் தொடர இயலாது என்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 2009-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மாறாக, முதல் மனைவி இருக்கும்போது இரண்டாவது திருமணம் செய்தவர், அத்திருமணம் செல்லாது என்பதைக் காட்டி இரண்டாம் மனைவியின் புகாரிலிருந்து தப்ப இயலாது என்று 2004-இல் தீர்ப்பளிக்கப்பட்டது.

காலவரம்பும் இட எல்லையும்

மூன்று ஆண்டுகள் வரை தண்டனைக்குரிய குற்றத்தை மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் கொடுமை தொடர் குற்றம் என்பதால், ஒவ்வொரு நிகழ்வும் காலத்தைப் புதிதாகத் தொடங்கிவைக்கிறது. இதனால் காலவரம்பு எதிர்வாதம் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்து வாழத் தொடங்கிய இணையர் விடயத்தில்தான் பெரிதும் வலுப்பெறுகிறது. கணவரின் வீட்டை விட்டுப் பிறந்தகத்தில் தஞ்சம் புகுந்த பெண், அவ்விடத்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம் என்று 2019 ஏப்ரலில் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. எனவே இட எல்லை பற்றிய எதிர்வாதம் பெரும்பாலும் வலுவிழந்துவிட்டது.

சான்றுகள்

குறுக்கு விசாரணையே எதிர்வாதத்தின் முதன்மைக் கருவி. காவல்துறையிடம் அளித்த வாக்குமூலத்தில் இல்லாத முக்கியச் செய்தி நீதிமன்றத்தில் புதிதாகச் சொல்லப்பட்டால், அது முரணாகக் கொள்ளப்படலாம். மருத்துவமனைப் பதிவேடு, வங்கிக் கணக்கு விவரம், பணியிட வருகைப் பதிவு, பயணச்சீட்டு, இருவருக்கும் இடையிலான குறுஞ்செய்திகள் ஆகியவை வழக்கமாக முன்வைக்கப்படும் ஆவணங்கள். மின்னணுப் பதிவுகளின் படிகளைச் சான்றாக அளிக்கும்போது சட்டம் கூறும் சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும். குறித்த நாளில் குறித்த இடத்தில் தாம் இல்லை என்று கூறுபவர், அதைத் தாமே மெய்ப்பிக்க வேண்டும். இணையருள் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்த தொலைபேசி உரையாடலை மணமுறிவு வழக்கில் சான்றாக ஏற்கலாம் என 2025 சூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது.

காயம் விளைவித்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால், தற்காப்பு உரிமையும் எதிர்வாதமாகலாம். ஆனால் தாக்குதலைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேற்பட்ட வன்முறையைத் தற்காப்பு நியாயப்படுத்தாது.

மெய்ப்பிக்கும் பொறுப்பு

கொடுமைக் குற்றத்தை நியாயமான ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புக்கே உரியது. குற்றம் சாட்டப்பட்டவர் தாம் குற்றமற்றவர் என்று நிறுவ வேண்டியதில்லை. நியாயமான ஐயத்தை எழுப்பினால் போதும். பெண் இறந்த வழக்குகளில் இந்நிலை மாறுகிறது. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் இயற்கைக்கு மாறான முறையில் இறந்து, இறப்புக்குச் சற்று முன்பு வரதட்சணைக்காகக் கொடுமைக்கு உள்ளானார் என்பதும் காட்டப்பட்டால், அது வரதட்சணை மரணம் என நீதிமன்றம் ஊகித்தே ஆகவேண்டும். அவ்வூகத்தை உடைக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர்மீது விழுகிறது. ஏழு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்த தற்கொலையில், கொடுமை மெய்ப்பிக்கப்பட்டால், தூண்டுதல் இருந்ததாக நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகித்தே ஆகவேண்டும் என்பதில்லை. "ஊகிக்கலாம்", "ஊகிக்க வேண்டும்" என்னும் இச்சொல் வேறுபாடு பல வழக்குகளின் முடிவைத் தீர்மானித்துள்ளது.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எதிர்வாதம்

மனு பெறப்பட்ட நாளிலிருந்து சாதாரணமாக மூன்று நாள்களுக்குள் முதல் விசாரணையை வைக்கவும், முதல் விசாரணையிலிருந்து 60 நாள்களுக்குள் மனுவை முடிக்கவும் நடுவர் முயல வேண்டும் எனச் சட்டம் கூறுகிறது. மனுதாரரின் உறுதிமொழி ஆவணத்தை மட்டும் கொண்டு, எதிர்த்தரப்பைக் கேளாமலே இடைக்கால ஆணை பிறப்பிக்கவும் இயலும். ஆகவே எதிர்மனுதாரர் விரைந்து முன்னிலையாகி எதிருரை தாக்கல் செய்வது முதன்மையானது. வழக்கமான எதிர்வாதங்கள் வருமாறு:

• குடும்ப உறவு இல்லை என்பது. மனுதாரரும் எதிர்மனுதாரரும் எக்காலத்திலும் ஒரே இல்லத்தில் குடும்ப உறவினராக வாழ்ந்ததில்லை, அதற்கான உரிமையும் இல்லை எனில் மனு நிலைக்காது. திருமணம் இல்லாத உறவுகளுக்கு, கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் அளவுகோல்களை வகுத்தது. இருவரும் திருமண வயதும் தகுதியும் உடையவராக, சமூகத்தின் முன் கணவன் மனைவி போலத் தம் விருப்பத்தின்பேரில் குறிப்பிடத்தக்க காலம் வாழ்ந்திருக்க வேண்டும்.

• இல்லம் பற்றிய எதிர்வாதம். மாமனார், மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகளுக்கு இருப்பிட உரிமை இல்லை என்று 2006-இல் கூறப்பட்ட தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றியது. வீடு யார் பெயரில் இருப்பினும் அது குடும்பமாக வாழ்ந்த இல்லமாயின் உரிமை எழும். எனினும் அவ்வுரிமை வரம்பற்றது அன்று. முதியோரின் அமைதியான வாழ்வையும் நீதிமன்றம் எடைபோடும். மாற்று இருப்பிடம் அளிக்க முன்வருவது ஒரு பயனுள்ள எதிர்வாதமாகும். மூத்த குடிமக்கள் சட்டத்தை மருமகளை வெளியேற்றும் குறுக்குவழியாகப் பயன்படுத்த இயலாது என்று 2020 டிசம்பரில் கூறப்பட்டது.

• பெண் எதிர்மனுதாரர்கள். எதிர்மனுதாரர் வயதுவந்த ஆணாக இருக்க வேண்டும் என்ற வரையறை 2016 அக்டோபரில் நீக்கப்பட்டது. எனவே மாமியாரும் நாத்தனாரும் எதிர்மனுதாரர் ஆகலாம். எனினும் எந்தப் பெண்ணையும் வீட்டிலிருந்து வெளியேற்றும் ஆணை பிறப்பிக்கச் சட்டம் தடை விதிக்கிறது.

• பராமரிப்புத் தொகை. 2020 நவம்பரில் வழங்கப்பட்ட ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்பின்படி, இரு தரப்பினரும் தம் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றை உறுதிமொழியுடன் வெளியிட வேண்டும். வேறு சட்டத்தின் கீழ் ஏற்கெனவே அளிக்கப்படும் தொகை கணக்கில் கொள்ளப்படும்.

ஆணைக்கு எதிராக 30 நாள்களுக்குள் அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆணைக்குப் பின் சூழ்நிலை மாறியிருந்தால் அதை மாற்றவோ நீக்கவோ கோரலாம். இம்மனுக்களை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு எனினும், சட்டத்தின் நோக்கம் கருதி அதை மிகுந்த கட்டுப்பாட்டுடனேயே பயன்படுத்த வேண்டும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஓராண்டுக்குப் பின் தாக்கலான மனு காலம் கடந்தது என்ற எதிர்வாதமும், பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லை என்ற எதிர்வாதமும் 2022-ஆம் ஆண்டுத் தீர்ப்புகளுக்குப் பின் எடுபடுவதில்லை.

சமரசம்

கொடுமைக் குற்றத்தில் தரப்பினர் தாமே சமரசம் செய்து வழக்கை முடிக்கச் சட்டம் பொதுவாக இடந்தரவில்லை. ஆயினும் இருவரும் உண்மையாகவே இணங்கியிருந்தால் உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்யலாம் என்று 2003-இல் பி. எஸ். ஜோஷி வழக்கில் தீர்ப்பளிக்கப்பட்டது. நீதிமன்றங்களோடு இணைந்த சமரச மையங்களில் நகைகளைத் திருப்பித் தருதல், ஒருமுறைத் தொகை, குழந்தையைப் பார்க்கும் உரிமை, இசைவு மணமுறிவு ஆகியவை ஒரே உடன்படிக்கையில் எழுதப்படுவது வழக்கம். இத்தகைய சமரசத்துக்குப் பின் சாட்சிகள் வர மறுப்பதும் தண்டனை விகிதம் குறைவதற்கு ஒரு காரணமாகும்.

பொய்ப் புகார்

பொய்த் தகவல் அளித்தல், பொய்யாகக் குற்றம் சாட்டுதல், பொய்ச் சாட்சி கூறல் ஆகியவை தனிக் குற்றங்கள். நியாயமான காரணமின்றிக் குற்றம் சாட்டியவரிடமிருந்து இழப்பீடு பெற்றுத்தர நடுவருக்கு அதிகாரம் உண்டு. பொய்க் குற்ற வழக்குத் தொடுப்பது மனக் கொடுமை ஆகும், அது மணமுறிவுக்குக் காரணமாகலாம் என்று 2013, 2014 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் விடுதலை என்பது புகார் பொய் என்பதற்குச் சான்று அன்று. ஐயத்தின் பயனைப் பெற்று விடுதலையான வழக்கும், சாட்சிகள் பின்வாங்கியதால் விடுதலையான வழக்கும், புகார் புனையப்பட்டது என்று நீதிமன்றம் கண்டறிந்த வழக்கும் வேறுவேறானவை. கடைசி வகையில் மட்டுமே மேற்கண்ட நடவடிக்கைகளுக்கு வலுவான அடிப்படை உண்டு.

விவாதங்கள்

498ஏ பிரிவின் அரசியலமைப்புச் செல்லுபடித் தன்மையை 2005-இல் சுசில் குமார் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பது ஒரு சட்டத்தைச் செல்லாததாக்காது என்றும், எனினும் தவறான பயன்பாடு ஒரு புதுவகைச் சட்டப் பயங்கரவாதத்தைக் கட்டவிழ்த்துவிடக்கூடும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2003-இல் மளிமத் குழு இக்குற்றத்தைப் பிணைக்கும் சமரசத்துக்கும் உரியதாக்கப் பரிந்துரைத்தது. 2012-இல் இந்தியச் சட்ட ஆணையம் தனது 243-ஆவது அறிக்கையில், நீதிமன்ற அனுமதியுடன் சமரசத்துக்கு இடமளிக்கலாம், ஆனால் பிணையில் விட இயலாத தன்மை நீடிக்க வேண்டும் எனக் கூறியது.

2017 சூலையில் ராஜேஷ் சர்மா வழக்கில், ஒவ்வொரு புகாரையும் மாவட்டக் குடும்ப நலக் குழு முதலில் ஆராய வேண்டும், அதுவரை சாதாரணமாகக் கைது கூடாது என இரு நீதிபதிகள் அமர்வு ஆணையிட்டது. 2018 செப்டம்பர் 14 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, நீதிமன்றம் இத்தகைய குழுக்களை உருவாக்குவது சட்டத்துக்கு அப்பாற்பட்டது எனக் கூறி அவ்வாணையை நீக்கியது. பின்னர் 2022-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், இரு மாத இடைவெளிக் காலத்தையும் குடும்ப நலக் குழுக்களையும் உள்ளடக்கிய நெறிமுறைகளை வகுத்தது. 2025 சூலை 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்நெறிமுறைகள் நடைமுறையில் இருக்கும் என்றது. 2018-ஆம் ஆண்டின் பெரிய அமர்வுத் தீர்ப்போடு இது எவ்வாறு பொருந்தும் என்ற கேள்வியைச் சட்ட வல்லுநர்கள் எழுப்பினர்.

இவ்விவாதத்தின் இரு தரப்பும் எண்களைச் சுட்டுகின்றன. ஒரு தரப்பு கைது எண்ணிக்கையையும் குறைந்த தண்டனை விகிதத்தையும் எடுத்துக்காட்டுகிறது. மறுதரப்பு, 2019–21 காலத்திய ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வைச் சுட்டுகிறது. அதன்படி 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறினர். வன்முறைக்கு உள்ளான பெண்களில் உதவி நாடியவர் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் மட்டுமே. கைதைக் கட்டுப்படுத்தும் விதி குற்றமற்ற ஒரு மாமியாரைச் சிறையிலிருந்து காக்கிறது. புகாரை இரு மாதம் நிறுத்திவைக்கும் விதியோ, அடிபட்ட ஒரு பெண்ணை அந்த இரு மாதமும் அதே வீட்டில் விட்டுவைக்கக்கூடும். குற்றச்சாட்டில் தெளிவு வேண்டும் என்ற விதி இவ்விரு இடர்களையும் கூட்டாமல் இருதரப்புக்கும் பயன்படுவதாகும். அது பெயரளவில் சேர்க்கப்பட்டவரை விடுவிக்கிறது; செயலோடும் நாளோடும் சுட்டப்பட்டவரை விசாரணைக்கு நிறுத்துகிறது.

இவற்றையும் பார்க்க

• வரதட்சணைத் தடைச் சட்டம், 1961
• குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005
• முன்பிணை
• முதல் தகவல் அறிக்கை
• அனைத்து மகளிர் காவல் நிலையம்